யாரும் சொல்லவில்லை

தொலைபேசியை வைக்கும் முன்பு இளஞ்செழியன் ஒரு வார்த்தை சொல்வான். "நான் பாத்துக்கிடுதேன்." எதிரே இருப்பவர் இந்திக்காரர் என்றால், "மே தேக் லூங்கா." வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினாலும், கோவில்பட்டியிலிருந்து அப்பா கண் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாலும், காஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆள் வழி கேட்டாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். கல்யாணமான புதிதில் அகல்யா இதைக் கவனித்தாள். பிறகு வருஷக்கணக்காகக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

"சுனோ, இதக் கேளு, நீ அதச் சொன்னதும் அந்தாளு நிம்மதியா போனை வெச்சுடறான். நீயும் நிம்மதியா வெச்சுடற. வேலை மட்டும் அங்கயே நிக்குது," என்பாள்.

அகல்யா டெல்லியில் பிறந்தவள். அவளுடைய அப்பா தபால் இலாகாவில் குமாஸ்தாவாக வந்து கரோல் பாகில் வாடகைக்குக் குடியேறியவர். கல்யாணத்துக்குப் பிறகு அவர்களும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். தமிழ் நன்றாகப் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். கேலி செய்வதற்கு அந்தத் தமிழ் தாராளமாகப் போதும்.

அவனுக்கு அந்தப் பழக்கம் வேலையில் வந்தது. குர்காவில் ஒரு கூரியர் நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் எட்டு வருஷம் இருந்தான். காணாமல்போன பார்சல், உடைந்து வந்த பார்சல், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன பார்சல் என்று நாள் முழுக்க ஜனங்கள் கத்துவார்கள். கத்திக்கொண்டு வருகிறவர் கத்தாமல் போனை வைக்க வேண்டும். அவன் வேலை அவ்வளவுதான். பார்சல் போய்ச் சேர்ந்ததா என்பது வேறொரு பிரிவின் கவலை. பேசி முடித்ததும் அந்த வாடிக்கையாளருக்கு ஒரு செய்தி போகும்: உங்களோடு பேசியவருக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இளஞ்செழியனுக்குப் பெரும்பாலும் ஐந்து கிடைக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவன் பேசிய பதிவுகளைப் போட்டுக் காண்பிப்பார்கள். தீப்பெட்டி ஆபீசில் கட்டு சுமந்தவரின் மகன், வீட்டில் முதல் பட்டதாரி, ஆங்கிலத்தைப் பயந்து பயந்து கற்றுக்கொண்டவன். அவன் குரலைக் கேட்டுப் பழகுங்கள் என்று பிறருக்குச் சொன்னபோது அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது உண்மை.

ஒரு நாள் காலையில் அந்த அலுவலகத்தில் பாதிப் பேருடைய அடையாள அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. வேலை போய்விட்டது என்று அப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்தது. இளஞ்செழியனுடைய அட்டைக்குத் திறந்தது. உள்ளே போனவனிடம், வெளியே நிற்கிறவர்களுக்குப் போன் செய்து பதமாகப் பேசும்படி சொன்னார்கள். பதமாகப் பேசுவதில் அவன் கெட்டிக்காரன் அல்லவா. பக்கத்து நாற்காலியில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த உதயாவுக்கும் அவன்தான் பேச வேண்டியிருந்தது.

"வேற எடத்துல சொல்லி வைக்கேன் உதயா. நீ கவலப்படாத, நான் பாத்துக்கிடுதேன்."

"செழியன், நானும் இதே ட்ரெய்னிங்தான் எடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவனால் அந்த இருக்கையில் உட்கார முடியவில்லை. மத்திய அரசு வேலைக்கான தேர்வை எழுத வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அதுதான் கடைசி வாய்ப்பு. மெட்ரோவில் நின்றுகொண்டே படித்தான். தேர்வானதும் அப்பாவுக்குப் போன் செய்தான்.

"கவர்மெண்டுன்னா ஆளத் திடுதிப்புன்னு தூக்க மாட்டான்லா?" என்று அப்பா கேட்டார்.

"தூக்க மாட்டாவப்பா. ரெண்டு வருசம் பாப்பாங்க. அதுல கரும்புள்ளி இல்லன்னா உறுதி பண்ணிருவாங்க."

"அப்பம் சரி. சம்பளம் கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போவுது. நாலு பேருக்கு நல்லதும் செய்யலாம்."

அப்பா சொன்ன வரிசையை இளஞ்செழியன் பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறான். முதலில் தூக்க மாட்டார்கள். பிறகு நல்லது செய்யலாம். நண்பர்களிடம் அவன் இரண்டாவதை மட்டும்தான் சொன்னான். போலியாய்ப் பேசிப் பேசி அலுத்துவிட்டது, ஜனங்களுக்கு நிஜமாகவே ஏதாவது செய்யப் போகிறேன் என்றான். அகல்யாவிடமும் அப்படித்தான் சொன்னான். தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது.

சேர்ந்த அலுவலகத்துக்கு ஆர்.கே.புரத்தில் சொந்தமாகக் குடியிருப்பு இருந்தது. ஊழியர்களுக்கு வீடு ஒதுக்குகிற, காலி செய்விக்கிற பிரிவில் அவனை உட்கார வைத்தார்கள். பிரிவு அதிகாரி திவாரி கான்பூர்க்காரர். அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மதியம் டப்பாவைத் திறந்ததும் அவனுடைய எலுமிச்சை சாதத்தில் உரிமையோடு கைவைப்பார். அவனுக்கு 'கார்ப்பரேட் சாஹப்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

அங்கே வேலை நடக்கும் விதம் வேறு. ஒரு மனு வந்தால் இளஞ்செழியன் விதியைப் பார்த்துக் குறிப்பு எழுதுவான். திவாரி அதைப் பார்த்து மேலே அனுப்புவார். அதற்கு மேலே ஓர் அதிகாரி, தேவைப்பட்டால் அவருக்கு மேலே இன்னொருவர். கடைசிக் கையெழுத்து விழும்வரை அந்தக் கோப்பில் யாரும் எதையும் முடிவு செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அதனால் பிரிவில் இருந்தவர்கள் போனில் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "பரிசீலனையில் இருக்கிறது." எப்போது முடியும் என்று கேட்டால், "சொல்ல முடியாது." அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள்.

இளஞ்செழியனுக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டது. அவன் பேசினான். உங்கள் கோப்பு இன்னாரிடம் இருக்கிறது, நான் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றான். கேட்டவர்கள் அவனை வாழ்த்தினார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் மிட்டாய்ப் பெட்டியோடு வந்துவிட்டார். அதை வாங்காமல் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐந்து நட்சத்திரம் வாங்கிப் பழகியவனுக்கு அந்த வாழ்த்துகள் வேண்டியிருந்தன.

"சாஹப், நீங்கள் போனில் பேசுவதைக் கேட்டால் எனக்கே வீடு கிடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது," என்று திவாரி இந்தியில் சொன்னார். "வீட்டுக்குப் போனால்தான் இன்னும் வாடகை வீடு என்று ஞாபகம் வருகிறது."

பிரிவே சிரித்தது. இளஞ்செழியனும் சிரித்தான்.

செப்டம்பரில் ஒரு நாள் பாப்பம்மாளின் போன் வந்தது. முறித்து முறித்து இந்தியில் ஆரம்பித்தார். மனுவில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு இளஞ்செழியன், "தமிழ்லயே சொல்லுங்கம்மா," என்றான்.

"தமிழுங்களா சார் நீங்க." குரல் சட்டென்று இறங்கியது. "அவரு இருந்தவரைக்கும் அந்த ஆபீசுல தமிழ் ஆளு ஒருத்தருமில்லைன்னு சொல்லிக்கிட்டே இருப்பாருங்க."

அவருடைய கணவர் அய்யாசாமி அந்த அலுவலகத்தில் கார் ஓட்டியவர், ஆத்தூர்ப் பக்கம். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். ஊழியர் இறந்தால் குடும்பம் இன்ன காலம்வரை வீட்டில் இருக்கலாம் என்று விதி இருந்தது. அந்தக் காலம் அக்டோபரோடு முடிகிறது. மகள் இளவரசி பன்னிரண்டாம் வகுப்பு. குடியிருப்பிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தமிழ்ப் பள்ளி. மார்ச்சில் பொதுத்தேர்வு முடியும்வரை வீட்டில் இருக்க அனுமதி வேண்டும் என்பதுதான் மனு.

இளஞ்செழியன் குறிப்பை உருகி எழுதினான். சிறப்பு நேர்வாகக் கருதலாம் என்று முடித்தான். திவாரி படித்துவிட்டு இரண்டு வரியை வெட்டினார். மற்றதை ஏற்று மேலே அனுப்பினார். அன்று மாலை இளஞ்செழியன் வீட்டுக்கு வரும்போது அகல்யாவுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தான். என்ன விசேஷம் என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்றான்.

அடுத்த வாரம் பாப்பம்மாள் மகளையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பறைக்கு இறங்கிப் போனான். பாப்பம்மாள் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதிச் சமையலறையில் வேலை பார்த்தார். விடியும் முன்பே காய் நறுக்கப் போய்விட வேண்டும். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். புடவைத் தலைப்பில் மஞ்சள் கறை இருந்தது. பக்கத்தில் இளவரசி பள்ளிச் சீருடையில் நின்றாள். ஒல்லியான பெண். அவனை நேராகப் பார்த்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க," என்றார் பாப்பம்மாள். "முனிர்காவுல எங்க ஊர்க்காரம்மா ஒருத்தங்க வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்குது. நான் வெடிகாலம் வேலைக்குப் போனாலும் பாப்பாவ அவங்க பாத்துக்குவாங்க. பள்ளிக்கூடமும் பக்கம். ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லு, இல்லாட்டி வேற ஆளுக்கு விட்டுருவேங்கறாங்க. அத புடிக்கறதா, விடறதா சார்?"

"நம்ம வீடே கெடைக்கும்னா அந்த ரூம் எதுக்கு?" என்றாள் இளவரசி. "அங்க படிக்க வெளிச்சமே இல்ல. பகல்லயும் பல்ப் போடணும்."

"நீ சும்மா இரு. சார் சொல்லட்டும்."

கோப்பு அப்போது மேலதிகாரியின் மேசையில் இருந்தது. எழுதியவன் அவன், பிரிவு அதிகாரி ஏற்றுக்கொண்டிருக்கிறார். அவன் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேர் சரி என்றால் அது முடிந்த வேலை. மேலே போவது தெரிவிப்பதற்காகத்தான். அந்தக் கணக்கைத்தான் அவன் இங்கேயும் போட்டான். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் பெண்பிள்ளையின் முன்னால் 'சொல்ல முடியாது' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தானும் அப்படி ஓர் அலுவலக ஜன்னலுக்கு முன்னால் சான்றிதழுக்காக அப்பாவோடு நின்றிருக்கிறான்.

"விட்டுருங்கம்மா," என்றான். "இங்கயே இருந்து பரீட்சை எழுதட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

பாப்பம்மாள் கைகூப்பினார். இளவரசி, "தேங்க்யூ சார்," என்றாள். வரும்போது இருந்ததைவிட அவள் உயரமாகிவிட்டதுபோல் அவனுக்குத் தோன்றியது.

கோப்பு தீபாவளிக்கு முன்பு திரும்பி வந்தது. மேலதிகாரி ஓர் அம்மையார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. அனுமதித்த காலம் முடிகிறது, அந்த வகை வீட்டுக்குப் பணியில் உள்ளவர்களே வரிசையில் நிற்கிறார்கள், அவர்களில் முதலாவது ஆள் நடக்க முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற கடைநிலை ஊழியர், ஆகவே மனுவை ஏற்க இயலவில்லை என்று எழுதியிருந்தார். இளஞ்செழியன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். தவறு கண்டுபிடிக்க ஓரிடமும் இல்லை. தன் குறிப்பில் அந்த மூன்றாம் மாடியை அவன் பார்க்கவே இல்லை. வீட்டைக் காலி செய்யும்படி பாப்பம்மாளுக்குப் போக வேண்டிய கடிதத்தை எழுதுவதும் அவன் மேசை வேலைதான். எழுதினான்.

கடிதம் கிடைத்ததும் பாப்பம்மாள் கூப்பிட்டார்.

"சார், வேற யாருக்கோ போட வேண்டிய லெட்டரு எங்களுக்கு வந்துருச்சுங்களா?"

"இல்லம்மா. மேல ஒத்துக்கிடல."

"நீங்கதான சார் சொன்னீங்க."

"சொன்னேன்."

"முனிர்கா ரூமுக்கு வேற ஆளு வந்துட்டாங்களே சார்." கோபமே இல்லாத குரல். அதுதான் அவனை என்னவோ செய்தது. கூரியர் நிறுவனத்தில் கோபத்தைத் தணிக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கோபப்படாதவரிடம் என்ன பேசுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு மனு கொடுங்கள், மறுபடி மேலே வைக்கிறேன் என்றான். இரண்டாவது மனுவை இளவரசி தன் கையால் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தெளிவான எழுத்து. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாள்: அனுமதி கிடைத்துவிடும், வேறு அறை பார்க்க வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னதால்தான் கையிலிருந்த அறையை விட்டுவிட்டோம், இப்போது போக இடமில்லை, தேர்வுவரை பொறுத்தருள வேண்டும். மரியாதைக்காகவோ என்னவோ, யார் சொன்னது என்று பெயர் போடவில்லை.

அந்த வரியை மேலதிகாரி பிடித்துக்கொண்டார். கோப்பில் முடிவாகாத ஒன்றை வெளியாளிடம் உறுதி சொன்னது யார்? மனுதாரரை நேரில் அழைத்து விசாரிக்கவும்.

திவாரி அன்றைக்குக் கேலி பேசவில்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்கள்தானா?"

"ஆமாம்."

"எனக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியாது. அந்த அம்மா உங்கள் பெயரைச் சொன்னால் கோப்பில் ஏறும். கோப்பில் ஏறினால் உங்கள் பணி உறுதி நின்றுபோகும். நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் ஆசையில்லை. தானாக நிற்கும்."

வீட்டுக்கு வந்து அகல்யாவிடம் சொன்னான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீயே போய்ச் சொல்லிடேன். நான்தான் சொன்னேன், தெரியாம சொல்லிட்டேன்னு."

"சொல்லலாம்."

"என்ன ஆகும்?"

"உறுதி பண்ண மாட்டாங்க. வேலையே போனாலும் போவும்."

"போனா?"

"திரும்பக் குர்காவ்தான். இல்லன்னா அதுவும் இல்ல. அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்?"

"அப்பாகிட்ட சொல்றது இருக்கட்டும். அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லுவ?" அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, "அச்சா," என்றாள். மடித்த துணிகளை அலமாரியில் வைக்கப் போனாள்.

விசாரணை அன்று காலையில் அவன் சொல்லிவிடுவதாகத்தான் கிளம்பினான். மெட்ரோவில் மனதுக்குள் வாக்கியத்தை இந்தியில் அமைத்துப் பார்த்தான். மேலதிகாரியின் அறையில் திவாரியும் அவனும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். எதிரே பாப்பம்மாளும் இளவரசியும். தேநீர் வந்தது. மேலதிகாரி பாப்பம்மாளை முதலில் குடிக்கச் சொன்னார். அய்யாசாமி தன்னையும் சில முறை காரில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார், நல்ல மனிதர் என்றார். பிறகு கேட்டார்.

"இந்த அலுவலகத்தில் உங்களுக்கு உறுதி சொன்னது யார்? பயப்பட வேண்டாம். உங்களுக்கு ஒன்றும் ஆகாது."

பாப்பம்மாள் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். இளஞ்செழியனைப் பார்த்தார். ஒரு கணம்தான். என்ன பார்த்தார், எதை எடைபோட்டார் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. பிறகு மேலதிகாரியின் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னார்:

"யாரும் சொல்லவில்லை மேம் சாஹப்."

"மனுவில் எழுதியிருக்கிறதே."

"குழந்தை எழுதியது. கிடைத்துவிடும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அவள் அதைத் தப்பாக எழுதிவிட்டாள்."

இளவரசி தாயைத் திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்தது. பாப்பம்மாளின் கை மேசைக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் பார்த்தது இளஞ்செழியனை.

அவன் பேச வேண்டிய இடம் அதுதான். மெட்ரோவில் தயார்செய்த வாக்கியம் முழுதாக நாக்கில் இருந்தது. மேலதிகாரி அவன் பக்கம் திரும்பவில்லை. அவனை எதுவும் கேட்கவில்லை. யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவன் பிற்பாடு அகல்யாவிடம் சொன்னான்.

"அப்படியானால் பதிவு செய்துகொள்ளுங்கள்," என்று மேலதிகாரி திவாரியிடம் சொன்னார். திவாரி பதிவை வாய்மொழியாகச் சொன்னார். டைப் செய்தது இளஞ்செழியன். அலுவலகத்தில் எவரும் தமக்கு எந்த உறுதியும் அளிக்கவில்லை எனவும், மனுவில் உள்ள கூற்று தம் மகளால் தவறுதலாக எழுதப்பட்டது எனவும் மனுதாரர் தெரிவித்தார். பாப்பம்மாள் அதில் தமிழில் கையெழுத்துப் போட்டார். உறுதியே அளிக்கப்படவில்லை என்றாகிவிட்ட பிறகு இரண்டாவது மனுவில் பரிசீலிக்க ஒன்றுமில்லை. நிராகரிக்கப்பட்டது.

அவர்களுக்குப் பின்னாலேயே வாசல்வரை ஓடினான்.

"அம்மா, நீங்க உண்மையச் சொல்லிருக்கலாம்."

"சொல்லி?" பாப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொன்னா எங்களுக்கு வீடு குடுத்துருவாங்களா? அந்த அம்மா மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சுது, குடுக்க மாட்டாங்க. வீணா உங்க வேலையும் போயிரும். ஒரு வேலை போச்சுன்னா வீட்டுல என்ன ஆவும்னு எனக்குத் தெரியாதா தம்பி."

அதுவரை சார் என்று அழைத்தவர் அப்போதுதான் தம்பி என்றார்.

"நான் வேற எடம் பாத்துத் தாரேன்."

"வேண்டாங்க," என்றாள் இளவரசி. அவள் பேசுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "நான் எழுதினதுல எது சார் தப்பு? நீங்க சொல்லுங்க."

"பாப்பா, வா."

"ஒரு வார்த்தை சொல்லட்டும்மா. நான் பொய்யா எழுதினேன்?"

"இல்ல," என்றான் இளஞ்செழியன். "நீ எழுதுனது சரிதான்."

"இத உள்ளார சொல்லியிருக்கலாம்ல சார்," என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள். ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, எங்கே என்று கேட்டார். இருவரும் ஏறாமல் பஸ் நிறுத்தத்தின் பக்கம் போனார்கள்.

அகல்யா சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தானே ஆர்.கே.புரத்துக்குப் போனாள். பரீட்சைவரை பெண் எங்கள் வீட்டில் இருக்கட்டும், கரோல் பாகிலிருந்து பஸ் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த பாப்பம்மாள் அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தார். "உங்க மனசுக்கு நீங்க நல்லா இருக்கோணும். ஆனா அவ வரமாட்டாம்மா. சொல்லிப் பாத்துட்டேன்," என்றார். இளவரசி உள்ளே புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

பதர்பூர்ப் பக்கம் ஒரு தூரத்து உறவினர் வீட்டின் பின்னறைக்குப் போனார்கள். அங்கிருந்து பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். விடியும் முன்பு சாணக்யபுரி வர முடியாமல் பாப்பம்மாள் விடுதி வேலையை விட்டார். காலியான அந்தத் தரைத்தள வீட்டுக்குக் கடைநிலை ஊழியர் குடிவந்தார். பிள்ளையை முதல்நாள் வாசலில் உட்காரவைத்துப் படம் எடுத்துப் பிரிவுக்கே அனுப்பினார். நடக்க முடியாத அந்தப் பையன் வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இளஞ்செழியன் அந்தப் படத்தை அழிக்கவுமில்லை, மறுபடி பார்க்கவுமில்லை.

போனில் அவனும் மற்றவர்களைப் போலப் பேசத் தொடங்கினான். பரிசீலனையில் இருக்கிறது. சொல்ல முடியாது. அதில் ஒரு நேர்மை இருப்பதாகச் சில நாள் அவனுக்குத் தோன்றும். முன்பு சொன்னது பொய்யாக இருந்தாலும் அதைச் சொல்லும்போது எதிரே ஒரு மனிதர் இருந்தார், இப்போது அதுவும் இல்லை என்று வேறு சில நாள் தோன்றும். கூரியர் நிறுவனத்தில் தினமும் பொய் சொன்னான். யாரும் அவனைக் கேட்கவில்லை. இங்கே ஒரே ஒரு முறை மனசாரச் சொன்னான். இரண்டிலும் வாய் ஒன்றுதான். இடம் மாறினால் ஆள் மாறிவிடுவான் என்று எதை நம்பி நினைத்தோம் என்று யோசிப்பான்.

தகுதிகாண் காலம் முடிந்து பணி உறுதி ஆணை வந்தது. அவன்மேல் கரும்புள்ளி எதுவும் இல்லை. அப்பா தெருவில் எல்லாருக்கும் லட்டு கொடுத்ததாக அம்மா சொன்னாள். திவாரி அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இனி உங்களை வெளியேற்ற வேண்டுமானால் கட்டடத்தைத்தான் இடிக்க வேண்டும்," என்றார். அன்றைக்கும் பிரிவு சிரித்தது.

போன தைப்பூசத்துக்கு மலை மந்திர் முருகன் கோயிலில் கூட்டம். படி இறங்கும்போது யாரோ தோளைத் தொட்டார்கள். பாப்பம்மாள். இளைத்திருந்தார். சிரித்தார்.

"நல்லா இருக்கீங்களா சார்? வேலை கெட்டியாயிருச்சுங்களா?"

"ஆயிருச்சும்மா."

"அதுதான் வேணும்." உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "நான் இப்ப பதர்பூர்லயே ஒரு மெஸ்ஸுல இருக்கேனுங்க. பாப்பா பாஸாயிட்டா. நெனைச்ச மார்க்கு வரல. தபால்ல படிக்கறா. ஒரு கடையில பில் போடறா."

"இளவரசி வந்திருக்காளாம்மா?"

பாப்பம்மாள் கண்ணால் காட்டினார். கீழே செருப்பு வைக்கும் இடத்துக்கு அருகே அவள் நின்றிருந்தாள். அவனைப் பார்த்திருக்க வேண்டும். அவள் முகத்தைத் திருப்பவில்லை, கிட்டேயும் வரவில்லை. தாய்க்காகக் காத்திருந்தாள்.

"அவளுக்கு அந்த ஒண்ணுதான் சார்," என்றார் பாப்பம்மாள் மெதுவாக. "மார்க்கு போனதுக்கெல்லாம் அழுவல. நான் தப்பா எழுதலன்னு நீ ஏம்மா சொல்லலைன்னு இன்னமும் என்னைக் கேக்கறா. என்னத்தச் சொல்ல. வரட்டுங்களா."

கூட்டத்தில் இறங்கிப் போய்விட்டார்கள்.

அந்தக் கோப்பு பதிவறையில் இருக்கிறது. அதை வரவழைக்க இளஞ்செழியனுக்கு இப்போது அதிகாரம் உண்டு. மனுவில் இளவரசி எழுதியது உண்மை, அந்த உறுதியை அளித்தவன் நான் என்று அதில் எழுதிக் கையெழுத்திட அவனை யாரும் தடுக்கப்போவதில்லை. உறுதியான வேலை அதனால் போய்விடாது, ஒரு கண்டிப்பு வரலாம். எழுதினால் அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைக்காது, மதிப்பெண் கிடைக்காது. அவள் தவறாக எழுதவில்லை என்பது மட்டும் அவள் எழுதிய இடத்திலேயே ஏறும். அகல்யா இரண்டு முறை கேட்டாள். இந்த வாரம் எழுதுகிறேன் என்று இரண்டு முறையும் சொன்னான். இன்னும் எழுதவில்லை.